சர்க்கார் காடும் ஊரார் வரியும்

ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் இம்மூன்றோடு அவற்றின் உலகம் முடிந்துவிட்டதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். தனக்குச் சொந்தமில்லாத ஒரு காட்டைச் சீர்படுத்துவதற்காக ஒரு முனிசிபாலிடி கடன் பத்திரம் வெளியிட முன்வந்தது என்றும், ஊர் ஜனங்களும் அதற்கு வோட்டுப் போட்டுச் சம்மதம் கொடுத்தார்கள் என்றும் யாராவது சொன்னால், ஏதோ கட்டுக்கதை என்றே நினைப்போம். ஆனால் அமெரிக்காவில், அரிஸோனா ராஜ்யத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரத்தில், 2012-ஆம் வருஷம் நவம்பர் மாதம் இது நடந்தது. வோட்டளித்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சரியென்று சொன்னார்கள். தொகை 1 கோடி டாலர். காடோ பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க சமஷ்டி சர்க்காருக்குச் சொந்தமானது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நில உரிமை எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறிந்தால்தான் இந்த விசித்திரம் விளங்கும். பிளாக்ஸ்டாப் நகரம் தலைமை ஸ்தானமாக உள்ள கோகொனீனோ ஜில்லா 18,600 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதில் தனியாருடைய நிலம் மிகச் சொற்பம். மற்றதெல்லாம் தேசியக் காடு, தேசியப் பூங்கா, ஆதிக்குடிகளின் ஒதுக்கு நிலம், ராஜ்ய சர்க்காரின் நிலம். சமஷ்டி சர்க்காரின் நிலத்துக்கு ஜில்லா நிர்வாகம் வரி விதிக்க முடியாது. வெட்டும் மரத்தின் வருமானத்தில் காற்பங்கைப் பள்ளிக்கூடங்களுக்கும் சாலைகளுக்கும் தருவது என்று 1908-ஆம் வருஷத்திலும், வரிக்கு ஈடாக ஏதோ ஒரு தொகை கொடுப்பது என்று 1976-ஆம் வருஷத்திலும் சட்டங்கள் செய்தார்கள். பணம் வரலாம், அதிகாரம் வராது. காட்டில் இந்த மரத்தை வெட்டு, அந்தச் சருகை எரி என்று உத்தரவிட ஜில்லா சபைக்கு உரிமை இல்லை. விண்ணப்பம் போடலாம், தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனால் காட்டில் பிடிக்கும் நெருப்பு இந்த எல்லைக் கோடுகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை அல்லவா?

அந்நாட்டுக் காட்டு இலாகாவுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1905-ஆம் வருஷத்தில் அந்த இலாகா அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் கிப்போர்டு பிஞ்சோ. அவர் வாலிபராக ஐரோப்பாவுக்குப் போய்க் காட்டுப் பரிபாலனம் கற்க விரும்பியபோது, அவருக்கு வழி காட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1864-ல் பிரிட்டிஷ் சர்க்கார் நமது தேசத்துக் காடுகளுக்கெல்லாம் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமித்தது அவரைத்தான். காடு சர்க்காருடையது, அதைக் காக்கச் சர்க்காருக்குத்தான் தெரியும், காட்டோரத்தில் வசிப்பவன் எட்ட நிற்க வேண்டியவன் என்ற மனப்பான்மை நம் தேசத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கிளை ஒன்று அமெரிக்காவிலும் தழைத்திருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பிளாக்ஸ்டாப்பைச் சுற்றியுள்ள காட்டில் 'பாண்டரோஸா' என்னும் பைன் மரமே பிரதானம். இம்மரத்தின் பட்டை தடித்தது. வளர வளரக் கீழ்க் கிளைகள் தாமே உதிர்ந்துவிடும். ஆகையால் புல்லிலும் சருகிலும் ஓடும் சிறு நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. முற்காலத்தில் சில வருஷங்களுக்கு ஒரு முறை மின்னலாலோ, ஆதிக்குடிகள் வைத்தோ, அப்படிப்பட்ட நெருப்பு காட்டினூடே ஓடி, கன்றுகளையும் சருகுகளையும் தின்று, பெரிய மரங்களை விட்டுவிட்டுப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் கொண்டுவந்த ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. நெருப்பு ஓட வழியற்றுப் போயிற்று. பிறகு காட்டு இலாகா வந்தது. 1910-ஆம் வருஷத்தில் ஐடஹோ, மொன்டானா ராஜ்யங்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதைக் கண்ட அந்த இலாகா, நெருப்பு என்றாலே சத்ரு என்று தீர்மானித்துவிட்டது. 1935-ல் ஒரு விதியே பிறந்தது: எங்கே நெருப்புக் கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்று. அந்த விதி 1978 வரை அமலில் இருந்தது.

இதற்கிடையில் 1919-ஆம் வருஷம் அப்பகுதியில் அபூர்வமாக மழையும் விதையும் ஒன்றுகூடி, பைன் நாற்றுக்கள் கணக்கின்றி முளைத்தன. பழைய காலமாயிருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றை நெருப்பு களை பிடுங்கியிருக்கும். இப்போது களை பிடுங்குவார் இல்லை. ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடத்தில் பல நூறு மரங்கள், கைத்தடி போல் மெலிந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கலாயின. அத்தகைய காட்டில் நெருப்பு தரையோடு போவதில்லை. ஏணி வைத்து ஏறுவதுபோல் சிறு மரங்களின் வழியாக உச்சிக்கு ஏறிவிடுகிறது. உச்சியில் பிடித்த நெருப்பை மனிதனால் அணைக்க முடியாது.

2010-ஆம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, யாரோ அணைக்காமல் விட்டுப்போன அடுப்பு நெருப்பிலிருந்து 'ஷுல்ட்ஸ்' தீ மூண்டது. ஸான் பிரான்ஸிஸ்கோ சிகரங்களின் கிழக்குச் சரிவில் சுமார் 15,000 ஏக்கர் எரிந்தது. நெருப்பில் ஒரு வீடும் போகவில்லை. தப்பினோம் என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். விபத்து ஒரு மாதம் கழித்து வந்தது. கடுஞ்சூட்டில் வெந்த மண் மழையை உறிஞ்சாது. ஓட்டுக் கூரையில் விழுந்த நீர் போல் அப்படியே வழிந்துவிடும். ஜூலை 20-ந் தேதி பெய்த மழை, சாம்பலையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு அடிவாரத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். அந்தத் தீயாலும் வெள்ளத்தாலும் ஏற்பட்ட செலவையும் நஷ்டத்தையும் வடக்கு அரிஸோனா சர்வகலாசாலையார் பின்னால் கணக்கிட்டார்கள். 13 கோடி டாலருக்கு மேல் என்று தேறியது. காடு சமஷ்டி சர்க்காருடையது. வெள்ளம் ஜில்லா நிர்வாகத்தின் தலையில். சேறு குடியானவனின் கூடத்தில்.

நகரத்துக்கு வடக்கே 'டிரை லேக்' குன்றுகள் இருக்கின்றன. அவை எரிந்தால் வெள்ளம் கடைத்தெருவுக்கே வரும். தெற்கே மார்மன் மலை. அது எரிந்தால் ஊருக்குக் குடிநீர் தரும் மேல் மேரி ஏரி சாம்பல் குட்டையாகிவிடும். இவ்விரண்டு இடங்களிலுமாகச் சுமார் 10,500 ஏக்கரில் சிறு மரங்களை வெட்டி நீக்கி, சருகை அடக்கத்தோடு எரிக்கத்தான் 2012-ல் ஜனங்கள் 1 கோடி டாலர் கொடுத்தார்கள். 13 கோடியைக் கண்டவனுக்கு 1 கோடி பெரிதல்ல.

ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு நின்ற ஜனங்கள், சமஷ்டி நிலத்தில் கோடரி விழுவதற்கு முன் சட்டம் கேட்கும் பரிசீலனைகளெல்லாம் முடிந்து 2015-ல் அனுமதி கிடைக்கும் வரையில் காத்திருக்க நேர்ந்தது. பரிசீலனை வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். 'களையெடுப்பு' என்ற பெயரில் நூற்றாண்டு கண்ட பெரிய மரங்களை வியாபாரிகள் சாய்த்த கதை அந்நாட்டில் நிறைய உண்டு. சந்தேகிப்பவர்கள் சும்மா சந்தேகிக்கவில்லை. ஆனால் நெருப்பு காகிதங்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் இலாகா மறக்கலாகாது.

அதைவிடக் கொடுமையான பரிகாசம் 2019-ல் நேர்ந்தது. அதே டிரை லேக் குன்றுகளில், அதே திட்டத்தின் வேலையில் ஈடுபட்டிருந்த இயந்திரம் ஒன்று பாறையில் மோத, பொறி பறந்து, ஜூலை 21-ந் தேதி 'மியூஸியம்' தீ பிடித்தது. சுமார் 2,000 ஏக்கர் எரிந்தது. இரண்டு வருஷம் பருவமழை பொய்த்ததால் ஊர் பிழைத்தது; 2021-ல் மழை வந்தது, ஸன்னிஸைடு பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளமும் வந்தது. பார்த்தீர்களா, காட்டைத் தொடாமல் விட்டிருந்தால் இது நேர்ந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அபிப்பிராயத்தில் அது சரியான கேள்வி அல்ல. 2022-ல் ஏப்ரல் மாதத்தில் ஒரு தீ சுமார் முப்பது வீடுகளைக் கொண்டுபோயிற்று. ஜூனில் மற்றொரு தீ 26,000 ஏக்கருக்கு மேல் எரித்து, அந்த மழைக்காலம் முழுவதும் வெள்ளத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத் தீயை எந்த இயந்திரமும் மூட்டவில்லை. நெருப்புக்கு மனிதனின் அஜாக்கிரதையோ மின்னலோ, ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். விறகு அடுக்கி வைத்திருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

சமஷ்டி சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. 2010-ல் அரிஸோனாவின் நான்கு தேசியக் காடுகளைச் சேர்த்து, 24 லட்சம் ஏக்கரைச் சீர்திருத்த ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். 2012-ல் 3 லட்சம் ஏக்கரைப் பத்து வருஷத்தில் முடிக்கக் கண்டிராக்டும் கொடுத்தார்கள். வேலை ஆமை நடை நடந்தது. காரணம் சுலபம்: மெலிந்த மரத்துக்கும் கிளைகளுக்கும் வாங்குவார் இல்லை, வெட்டுகிற கூலிக்கு விற்கிற விலை கட்டாது. அடுத்த பெரிய கண்டிராக்டுக்காகக் கோரிய டெண்டரை 2021-ல் இலாகாவே ரத்து செய்துவிட்டது. தவிர, இலாகாவின் பணம் போகும் வழியைப் பாருங்கள். 1995-ல் அதன் வரவு செலவில் நூற்றுக்குப் பதினாறு நெருப்பை அணைக்கச் செலவாயிற்று. 2015-ல் பாதிக்கு மேல். அணைக்கப் பணம் போதாதபோது, வருமுன் காக்க ஒதுக்கிய பணத்தையே எடுத்துச் செலவிட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2018-ல் காங்கிரஸ் சபை இதற்கு ஒரு தனி நிதி ஏற்படுத்தியது. ஜில்லா நிர்வாகங்கள் இலாகாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு சமஷ்டிக் காட்டில் தாமே வேலை செய்யவும் அதே வருஷத்தில் சட்டம் இடம் கொடுத்தது. பிளாக்ஸ்டாப் ஜனங்கள் ஆறு வருஷத்துக்கு முன்பே காட்டிய வழி அது.

ஊராரிடம் எஞ்சியிருக்கும் வேலையும் இலேசானதல்ல. மரத்தை வெட்டினால் மட்டும் போதாது; சில வருஷங்களுக்கு ஒரு முறை, குளிர்ந்த பருவம் பார்த்து, காற்றுப் பார்த்து, தரையை எரித்தே ஆக வேண்டும். அப்படி எரிக்கும் நாட்களில் புகை இரவில் பள்ளத்திலுள்ள ஊர்மேல் இறங்கித் தங்கிவிடுகிறது. குழந்தைகளும் இருமல்காரர்களும் கஷ்டப்படுகிறார்கள். காட்டைக் காக்கச் சொல்லி இலாகாவை நெருக்கும் அதே ஸ்தல அதிகாரிகள், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இரண்டு இரவு பொறுத்துக்கொள்ளும்படி தங்கள் ஜனங்களிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.