எண்ணிக்கை சரி, உரிமை எங்கே?

"அங்க ஒரு அட்டாமிக் போட்டுடுங்க, சரியாயிடும்." லினக்ஸ் கர்னலில் கோப்பு முறைமைக்கு நிரல் எழுதுகிறவர்களிடம் இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் கிடையாது. இன்டர்வியூவில் இது பதிலாக வருகிறது. கோட் ரிவியூவில் தீர்ப்பாக வருகிறது. ரெஃபரன்ஸ் கவுன்டில் ரேஸ் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) இருந்தால் கவுன்டரை அட்டாமிக் ஆக்கினால் போதும் என்பது நம் தொழிலில் வேரோடிப்போன நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு. இதனால் பிழை தீர்வதில்லை. கண்ணில் படாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஒரு கோப்பைத் திறந்தால் கர்னல் அதற்காக நினைவகத்தில் ஒரு பொருளை உருவாக்குகிறது. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணை அதற்குள்ளேயே எழுதிவைக்கிறது; இதுதான் ரெஃபரன்ஸ் கவுன்ட். வருகிறவர் ஒன்றைக் கூட்டுகிறார், போகிறவர் ஒன்றைக் கழிக்கிறார். கழித்துப் பூஜ்யமாக்கியவர் பொருளை அழித்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு கோர்கள் ஒரே நொடியில் கூட்டினால் ஒரு கூட்டல் தொலைந்துபோகக்கூடும். அதைத் தடுப்பதுதான் அட்டாமிக்கின் வேலை. அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது.

ஆனால் கூட்ட வேண்டுமென்றால் முதலில் அந்தப் பொருளிடம் போய்ச் சேர வேண்டும். சிக்கல் அந்த வழியில்தான் இருக்கிறது. முதல் கோர் அட்டவணையில் தேடிப் பொருளின் பாயின்டரை எடுக்கிறது, இன்னும் கூட்டவில்லை. அதற்குள் இரண்டாவது கோர் தன்னிடமிருந்த கடைசி ரெஃபரன்ஸை விடுகிறது. 1 பூஜ்யமாகிறது, பொருள் அழிகிறது. இப்போது முதல் கோர் கூட்டுகிறது. கழித்ததும் அட்டாமிக்காக, கூட்டியதும் அட்டாமிக்காக. கூட்டிய இடத்தில்தான் பொருள் இல்லை. பாயின்டர் என்பது முகவரி. முகவரி கையில் இருக்கிறது என்பதற்காக வீடு இன்னும் நிற்கிறது என்று ஆகிவிடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பு கேஷ் ஒன்றில் சாதாரண எண்ணாக இருந்த கவுன்டரை அட்டாமிக் ஆக்கி, பிழை தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சோதனை மெஷின் விழுந்தது. பிழை தேடும் வசதியை இயக்கிவைத்தால், விடுவித்த நினைவகத்தைக் கர்னல், பதினாறடிமான எண்ணில் 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். திரையில் வரிசை வரிசையாக 6பி, 6பி, 6பி. நடுவே ஒரே ஓர் இடத்தில் 6சி. கவுன்டர் இருந்த நான்கு பைட்டுகளில் முதலாவது அது. யாரோ ஒருவர், பொருள் போன பிறகு வந்து, சரியாக ஒன்றைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கூட்டல் என்னுடையது. நான் பாதுகாத்தது எண்ணை மட்டும்தான். அந்த எண் எதை எண்ணியதோ அதை நான் பாதுகாக்கவே இல்லை.

இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "பாயின்டரை எடுப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோ வினாடிதானே, யாருக்கு நடக்கப்போகிறது?" என்பது. தற்செயலாக நடப்பதை மட்டும் நினைக்கிறவர்களின் பதில் இது. வேண்டுமென்றே நடத்துகிறவர்களும் உண்டு. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் 2022இல் இதைச் செய்தே காட்டினார். டைமர் இன்டரப்ட் ஒன்று சரியாக அந்த இடைவெளிக்குள் வந்து விழும்படியும், அதைக் கையாளக் கர்னலுக்கு நெடுநேரம் பிடிக்கும்படியும் ஏற்பாடு செய்தால், சில கட்டளைகளே நீளமுள்ள சந்து அகன்ற வாசலாகிவிடுகிறது. இடைவெளி சிறியது என்பதைப் பாதுகாப்பாக எண்ணக்கூடாது.

இரண்டாவது பதில் கொஞ்சம் தேறியவர்களுடையது: "பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு என்று எழுதினால் போதுமே?" நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் எண் பூஜ்யமா என்று பார்ப்பதற்கே அந்த நினைவகத்தைத் தொட வேண்டும். அது ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்தால்? அங்கேதான் ஆர்சியூ போன்ற முறைகள் உதவுகின்றன: தேடுகிறவர் தேடி முடிக்கும்வரை நினைவகத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதே இடத்தில் வேறொரு கோப்பு குடியேற அனுமதிக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கே எண் பூஜ்யமாக இருக்காது. உள்ளே இருப்பவர் வேறு ஆள். கதவு திறந்ததும் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளாதவர் யார் வீட்டிலோ போய் உட்காருவார்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. லினக்ஸில் கோப்பு எண்ணைக் கொடுத்துக் கோப்பைப் பெறும் வழி, ஒவ்வொரு ரீட், ரைட் அழைப்பும் கடந்துபோகும் பாதை. 2021இல் அங்கே கவுன்டர் அட்டாமிக்காகவே இருந்தது. பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டுமே கூட்டும் முறையும் இருந்தது. ஆர்சியூவும் இருந்தது. இத்தனையும் இருந்தும் அந்த ஆண்டு அங்கே ஒரு ரேஸ் வெளிப்பட்டது. அதைத் தெரிவித்தவரும் ஹார்ன்தான்.

நடந்தது இது. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு ப்ராசஸ் தான் திறந்த கோப்பை இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பலாம். சாக்கெட்டுக்குள்ளேயே சாக்கெட்டை அனுப்பினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு என்றைக்கும் பூஜ்யமாகாமல் கிடக்கக்கூடும். அவற்றைக் கண்டுபிடித்து அழிக்கக் கர்னலில் ஒரு குப்பை சேகரிப்பான் இருக்கிறது. ஒரு கோப்பின் மொத்த ரெஃபரன்ஸும், அனுப்பப்பட்டு இன்னும் பெறப்படாமல் வழியில் இருக்கும் ரெஃபரன்ஸும் சமமாக இருந்து, வெளியே யாரோ வைத்திருக்கும் வேறு சாக்கெட் வழியாகவும் அதை எட்ட முடியாவிட்டால், வெளியே யாரும் அதை வைத்திருக்கவில்லை, இனி யாரும் பெறவும் முடியாது என்று அது முடிவு செய்யும். ஆனால் ஒரு த்ரெட் அட்டவணையிலிருந்து பாயின்டரை எடுத்துவிட்டு, கூட்டுவதற்கு முன்னால் நிற்கிறது. இன்னொரு த்ரெட் அந்தக் கோப்பு எண்ணை மூடிவிடுகிறது. சேகரிப்பான் எண்ணிப் பார்க்கிறது, இரண்டும் சமம். அதன் பிறகு முதல் த்ரெட் கூட்டுகிறது. எண் பூஜ்யமில்லை, கூட்டல் வெற்றி. எல்லா எண்களும் எல்லா நேரமும் சரியாகவே இருந்தன. ஆனால் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்ட கோப்பைப் பெற அந்த த்ரெட்டுக்கு இருந்த உரிமை பறிபோயிருந்தது.

2021 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தம் கவுன்டரின் மேல் கைவைக்கவே இல்லை. ரெஃபரன்ஸைப் பெற்ற பிறகு அட்டவணையை இன்னொரு முறை பார்; அதே இடத்தில் அதே கோப்பு இல்லையென்றால் பெற்றதைத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான்.

கர்னலில் நன்றாக எழுதப்பட்ட பகுதிகளைப் படித்தாலே, எண்ணை மட்டும் காப்பது போதாது என்ற உண்மை தெரியும். கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடை விடும் வழியில் கடைசிக் கழித்தல் லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்படி எழுதிவைத்தார்கள். 2013இல் வெளிவந்த 3.12 பதிப்பு, கோப்பின் பெயரை ஐநோடோடு இணைக்கும் டென்ட்ரியின் லாக்கையும் கவுன்டையும் ஒரே 64 பிட்டுக்குள் சேர்த்து வைத்தது. வேகத்துக்காகச் செய்த அந்த மாற்றத்திலும் எண்ணை லாக்கிலிருந்து பிரித்துத் தனியாக விட்டுவிடவில்லை. 2017இல் 4.11 பதிப்போடு வந்த புதிய கவுன்டர் வகை, பூஜ்யத்தின் மேல் யாராவது கூட்டினால் எச்சரிக்கை எழுப்புகிறது. எண் எல்லை மீறினால் உறைந்துவிடுகிறது. அது தவறைக் காட்டிக்கொடுக்கும் காவலாளி. பழைய கவுன்டரை எடுத்துவிட்டு இதைப் போட்டதாலேயே ரேஸ் தீர்ந்தது என்று எழுதுகிறவர், காவலாளியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறார்.

லாக் போட்டால் வேகம் குறையும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. கோப்பு முறைமையில் வேகம் அற்ப விஷயமில்லை. ஆனால் லாக்கே கூடாது என்று நான் முடிவு கட்டினால், லாக் தந்துகொண்டிருந்த உத்தரவாதத்தை வேறு எது தருகிறது என்று சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு வந்துவிடுகிறது. அந்தக் கடமையைத் தட்டிக்கழித்தால் நஷ்டம் எனக்கு இல்லை. ஒரு கோப்பை நம்பி எதையோ சேமித்துவைத்த யாரோ ஒருவருக்கு.

ஒரு ரெஃபரன்ஸைக் கூட்ட எனக்குத் தெரிந்து மூன்று உரிமைகள்தான் உண்டு. ஒன்று, ஏற்கெனவே என்னிடம் ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது. இரண்டு, பொருள் பதிவாகியிருக்கும் அட்டவணையின் லாக் என் கையில் இருக்கிறது. அந்த லாக் இல்லாமல் யாரும் அதை அங்கிருந்து நீக்க முடியாது, நீக்காமல் கடைசி ரெஃபரன்ஸை விடவும் முடியாது. மூன்று, நினைவகம் போகாது என்ற உறுதியோடு, பூஜ்யமில்லை என்று பார்த்துக் கூட்டி, கூட்டிய பிறகு இது நான் தேடிவந்ததுதானா என்று மறுபடி பார்க்கிறேன். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத கூட்டல், அட்டாமிக்காக இருந்தாலும் பிழைதான்.

ஆகவே ரிவியூவுக்கு ஒரு பேட்ச் வந்தால், கூட்டும் வரியோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு மேலே, பாயின்டர் கைக்கு வந்த வரியைத் தேடிப் பிடியுங்கள். அந்த வரிக்கும் இந்த வரிக்கும் நடுவே பொருளை உயிரோடு வைத்திருப்பது எது என்று எழுதியவரைக் கேளுங்கள். ஒரு லாக்கின் பெயரோ, ஒரு ரெஃபரன்ஸின் சொந்தக்காரரோ, நினைவகத்தைக் காக்கும் முறையும் கூட்டிய பின் செய்யும் சோதனையுமோ பதிலாக வர வேண்டும். "அதான் அட்டாமிக் போட்டிருக்கேனே" என்று வந்தால் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள். அன்று என் பேட்சை யாராவது அப்படித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.