இல்லத்தின் அளவும் ஊரின் அளவும்

விருந்தோம்பல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. அந்நூலிலேயே வலியறிதல் என்னும் அதிகாரமும் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

பர்மா, மலேயா முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளால் செட்டிநாட்டில் எழுந்த மாளிகைகள் பல, அவ்வாணிகம் குன்றியபின் பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டுத் தூணும் கதவுமாய் விலைபோயின. வேறு சில இன்று பயணிகள் விடுதிகளாய் உயிர்பெற்றுள்ளன. கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸும் கானாடுகாத்தான் விசாலமும் அத்தகையன. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. இனிச் சிறு வீட்டாரும் நாள் வாடகைக்கு விட விழைதல் இயல்பே. வீடு வாழ்தல் குறித்து நாம் மகிழ்கின்றோம். ஆயினும், ஒரு வீட்டில் ஒரே காலத்தில் எத்துணைப் பேர் தங்கலாம் என்னும் வினா எழுகின்றது.

"கலியாணத்திற்கு நூற்றுக்கணக்கானோர் தங்கிய வீட்டிற்கு வரையறை எதற்கு?" என்பர் சிலர். கலியாணம் சில நாட்களில் முடிவது, வந்தவர் உறவினர், குறை கேட்க வீட்டார் முகப்பிலேயே இருந்தனர். வாடகையோ ஆண்டு முழுதும் நடப்பது. வளவைச் சூழ்ந்த அறைகள் மணமான மைந்தர்க்கு வகுக்கப்பட்டவை. அவ்வறைதோறும் குளியலறை அமையின், நீர்ச்செலவும் கழிவுநீரும் பன்மடங்காகும். நம் முன்னோர் வறண்ட இந்நிலத்தில் கூரைநீரையும் வீணாக்காது, ஊருணி தோண்டி வாழ்ந்தவர். மாளிகை தாங்கும் கூட்டத்தை ஊர்க்கிணறு தாங்குமென்பது நியதியன்று.

பிற நாட்டார் இதனை எண்ணியுள்ளனர். நியூயார்க் நகரில், 30 நாட்களுக்குக் குறைந்த வாடகையாயின் குடியிருப்போர் உடனிருத்தல் வேண்டும், விருந்தினர் இருவர்க்கு மேற்படலாகாது என்னும் விதி 2023 முதல் கண்டிப்பாகச் செலுத்தப்படுகின்றது. நம் மத்திய சுற்றுலா அமைச்சகம் இல்லத் தங்கல் திட்டத்தில் 6 அறைகள், 12 படுக்கைகள் என எல்லை வகுத்து, உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசித்தலையும் வற்புறுத்திற்று.

இவற்றுள் எண்ணினும் கருத்தே பெரிது. பெருநகரின் எண் நாட்டுப்புறத்திற்குப் பொருந்தாது. அறைக்கணக்கு மட்டும் கொண்டால் பெருமாளிகைக்கு எல்லையே இராது. ஆதலின் ஊர்ப் பஞ்சாயத்தார் நீர்வளமும் கழிவுநீர்க் குழியின் கொள்ளளவும் ஆராய்ந்து, வீட்டிற்கு வீடு எண் வகுத்து, அதனை வாயிலில் எழுதச் செய்தல் வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் அவ்வூரிலேயே இருத்தலும் வேண்டும். வீட்டார் சிலருக்கு வருவாய் குறையலாம். ஆயினும் அயலார் குடத்து நீரைக் குறைத்துச் செய்யும் உபசாரம் விருந்தோம்பல் ஆகாது என்பதே எமது துணிபு.