இலவச வகுப்பும் 22 சாமான்களும்

முதல்நாள் எங்கள் கையில் தந்தது ஊசியுமில்லை, நூலுமில்லை. ஒரு போட்டோக்கொப்பி. அரைத்தாளில் 22 சாமான்களின் பெயர். பெரிய கத்தரிக்கோல் 1, சின்னக் கத்தரிக்கோல் 1, இஞ்சி ரேப் 1, தையல் சோக் இரண்டு நிறத்தில், குண்டூசி, கையூசி ஒரு பக்கற், மெசின் ஊசி ஒரு பக்கற், பொபின் 5, பொபின் கேஸ் 1, பிறவுண் பேப்பர் 10 என்று போய், கடைசி வரியில் "எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவரவும்" என்று முடிந்தது. வாசலில் கட்டியிருந்த பனரில் "இலவச தையல் பயிற்சி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பனருக்கும் இந்தத் தாளுக்கும் இடையில் உள்ள தூரம் பற்றித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடத்தில் ஒரே பட்ச். சனிக்கிழமைகளில் லெக்சர் இல்லை, அதனால் போய்ச் சேர்ந்தோம். "டிகிரி முடிச்சிட்டு பிளவுஸ் தைக்கப் போறியளோ" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதி இடத்தை வீணாக்கவில்லை. (தைக்கப் போறம் எண்டா என்ன இப்ப?)

முதலில் எங்கள் பிழைகளைச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாளைக் கொண்டு பெரியகடைப் பக்கம் போய் நாலு பேருக்கும் எல்லாம் வாங்க முடியவில்லை. மகாபொல காசு வந்த கிழமை என்றபடியால் பாதியாவது வாங்கினோம். வாங்கியதிலும் பாதி பிழை. தாளில் "மெசின் ஊசி" என்று மட்டும்தான் இருந்தது. வீட்டுக் கால் மெசினுக்குப் போடும் ஊசியின் தலைப்பக்கம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வகுப்பில் இருந்ததோ எங்கட ஆக்கள் பொதுவாக ஜூகி என்று சொல்லும் பெரிய மெசின். அதன் ஊசியின் தலை முழுக்க உருண்டை. ஒன்றுக்கு வாங்கினது மற்றதுக்குப் போடாது. பொபினும் அப்படித்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போட்டால் நூல் சிக்கும். இதைக் கடைக்காரரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியாது. ஊசிப் பக்கற்றில் 90/14 என்று போட்டிருக்கும் இலக்கத்தில் 90 என்பது ஊசியின் தடிப்பு, மில்லிமீற்றரில் 0.9 என்பதும், சாதாரண பருத்தித் துணிக்கு 14, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் மாதிரித் தடித்ததுக்கு 16 என்பதும் மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு பக்கற் வீண்.

பிறகு கொண்டுபோகும் பிரச்சினை. கம்பஸ் பாக்குக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனோம். மெசின் எண்ணெய்ப் போத்தல் மூடி கழன்று, ஒருத்தியின் மொழியியல் நோட்ஸ் முழுக்க எண்ணெய். குண்டூசி பைலுக்குள் புகுந்து திங்கட்கிழமை லெக்சரில் விரலில் ஏறியது. சோக் பொடியாகிப் போனது. பிறவுண் பேப்பரில் வெட்டின அளவுப் படிவங்கள் மடிந்து கசங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் அளவு கால் இஞ்சி மாறி, கை ஒன்று நீளம் ஒன்று கட்டை.

அடுக்கிறதும் ஒரு படிப்பு என்று அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டோம். இப்போது எங்கள் முறை இது. சோக் வெறும் நெருப்புப் பெட்டிக்குள். கையூசிகளை ஒரு துண்டு கம்பளித் துணியில் குத்தி, அந்தத் துணியை வெறுமையான சித்தாலேப டப்பாவுக்குள் சுருட்டி வைக்கிறோம். உப்புக்காற்று ஊரில் ஊசியைச் சும்மா விட்டால் துரு பிடிக்கும், துருப்பிடித்த ஊசி துணியில் புள்ளி வைக்கும். குண்டூசி பொறுக்க உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றின காந்தம். கத்தரிக்கோலின் அலகுக்குப் பழைய ஜீன்ஸ் காலில் தைத்த உறை. இஞ்சி ரேப்பை மடிக்காமல் சுருட்ட வேண்டும். மலிவு ரேப் நாளாக ஆக இழுபடும், ஆகவே மாதத்தில் ஒருக்கா இரும்பு அடிமட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அளவுப் படிவங்களை மடிப்பதில்லை, நகைக்கடைக் கலண்டர்களின் பின்பக்கத்தில் வெட்டிச் சுருட்டி ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைக்கிறோம் (பிறவுண் பேப்பர் காசும் மிச்சம்). வெட்டின துணியை ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு சொப்பிங் பாக்கில், "முன்", "பின்", "கை" என்று துண்டு எழுதிக் குத்தி. எண்ணெய்ப் போத்தல் எப்போதும் வெளிப் பொக்கற்றில், நிமிர்த்தி. பெட்டிக்கு ஆளாளுக்கு ஒன்று. ஒருத்தி லண்டன் மாமி கொண்டுவந்த நீல பிஸ்கட் ரின், அதற்குள் பிஸ்கட் இருந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லையாம். இன்னொருத்தி அம்மம்மாவின் பனையோலை மூடல்பெட்டி. பாரம் இல்லை, பஸ்ஸில் நெரிபட்டாலும் உடையாது. எங்கள் நாலு பெட்டியில் அதுதான் திறமானது.

இவ்வளவும் கைவந்த பிறகு எங்களுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது உண்மை. பெட்டியைத் திறந்து வைக்கும்போது ரீச்சர் மற்றவைக்குக் காட்டி, "இப்பிடித்தான் இருக்கோணும். தைக்கிறவளின்ர ஒழுங்கு பெட்டியில தெரியும்" என்று சொன்னபோது இன்னும் கூடியது.

எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு பஸ் மாறி வாறவ. அவவின் பெட்டி ஒரு சொப்பிங் பாக். அதற்குள் ஒரு ரேப், ஒரு துண்டு சோக், இரண்டு நூல்கட்டை. கத்தரிக்கோல் இல்லை. வெட்டும் நாளில் யாராவது வெட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருப்பா, பிறகு மெல்லக் கேட்பா. அளவு எடுக்கிறதில் எங்கள் எல்லாரையும் விட அவதான் கெட்டிக்காரி. ரீச்சர் ஒருநாள் பொதுவாகத்தான் சொன்னா: "கத்தரிக்கோல் இல்லாதவை வெட்டுற நாளில வந்து என்ன செய்யப் போறியள்?" யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அடுத்த கிழமை அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்ராண்டில் கண்டோம். "ஏனக்கா வாறேல்ல" என்று கேட்டோம், கேட்டிருக்கக் கூடாது. சிரிச்சா. "மெசின் வீட்டில சும்மா நிக்குது பிள்ளையள். வாழ்வாதாரம் எண்டு தந்தது. ஊசி உடைஞ்சு கிடக்கு. அதுக்கு ஊசி வாங்கிறதோ, வகுப்புக்குக் கத்தரிக்கோல் வாங்கிறதோ எண்டு நிக்கிறன்."

எங்கள் அடுக்கின பெட்டிகளை அன்று நினைத்துப் பார்த்தோம். ஒழுங்கு என்று ரீச்சர் பாராட்டினதில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு காசு? நெருப்புப் பெட்டிக்கும் ஜீன்ஸ் உறைக்கும் காசு வேண்டாம், சரி. ஆனால் உறைக்குள் போடக் கத்தரிக்கோல் வேண்டுமே. இல்லாத சாமானை ஒருத்தர் எப்படி ஒழுங்காக அடுக்கிறது?

யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு வன்னியிலும் கிழக்கிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த உதவிகளில் கோழி, ஆடு, தையல் மெசின் மூன்றும் முன்னுக்கு நிற்கும். கையளிக்கிற படம் எடுப்பார்கள், மெசினில் ரிபன் கட்டியிருக்கும். மெசின் ஒருநாள் செலவு. ஊசி, நூல், எண்ணெய், பெல்ட், அலகு தீட்டுற காசு மாதா மாதச் செலவு, அதற்குப் படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை. 2022 இல் ரூபாய் விழுந்து டொலர் 200 இல் இருந்து 360 வரை ஏறினபோது இந்தச் சின்னச் சாமான்களின் விலையும்தான் ஏறியது. வீடுகளில் துணி மூடிக் கிடக்கும் மெசின்களைப் பார்த்து "குடுத்தாலும் பாவிக்கத் தெரியாததுகள்" என்று சொல்வதை நாங்கள் எங்கள் சொந்தக்காரர் வாயாலேயே கேட்டிருக்கிறோம்.

கராஜில் வேலை பழகப் போகும் தம்பியை யோசித்துப் பாருங்கள். முதல்நாள் "உன்ர ஸ்பனர் செற் எங்க, ஜாக் எங்க" என்று யாரும் கேட்பதில்லை. கராஜின் ஸ்பனரைத் தான் பிடிப்பான், பழுதாக்கினால் ஏச்சு வாங்குவான், பழகுவான். தையலுக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு முழுச் செற்? எங்கள் அபிப்பிராயம் இதுதான்: தையலை இன்னும் ஒரு தொழிலாக நினைக்கவில்லை. வீட்டில் அம்மாவின் பெட்டி இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்ற நினைப்பு. பள்ளிக்கூடத்தில் தையல் வருகிற பாடத்துக்குப் பெயரே மனைப்பொருளியல்தான். மனையில் ஒன்றும் இல்லாதவள் என்ன செய்வாள் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள் இல்லை.

இதே ஊசி கார்மெண்ட்ஸுக்குள் போனதும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது, இப்போது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கூட ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே ஊசியைக் கொண்டுவா என்று சொல்வதில்லை, வெளி ஊசி உள்ளே வரவே கூடாது. ஓர் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. வெளிநாட்டில் சட்டை போடுகிறவருக்கு ஊசித்துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஒழுங்கை நாங்கள் புகழவில்லை, அந்தப் பிள்ளைகளின் சம்பளம் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும். சொல்ல வந்தது, ஆயுதங்களை ஓர் இடத்தில் வைத்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது முடியாத காரியமில்லை என்பதை மட்டும்.

ரீச்சரில் முழுப் பிழையையும் போட எங்களுக்கு மனமில்லை. அவவிடம் கேட்டபோது சொன்னா: "பொதுவா வச்சுப் பாத்தனான் பிள்ளையள். முதல் பட்சில ஆறு கத்தரிக்கோல், முடிய ரெண்டு. பொபின் கேஸ் ஒண்டும் மிஞ்சேல்ல. நான் கைக்காசில வாங்கினது." அவவுக்கும் தந்தது மெசின்கள் மட்டும்தான். தொலைந்ததை ஈடுசெய்ய ஒரு சதம் ஒதுக்கவில்லை. அதனால்தான் மெசினின் உறுப்பான பொபின் கேஸையே எங்கள் தாளில் எழுதினா. பஸ்ஸில் ஏறுகிறவர் தன் ஸ்ரியறிங்கைக் கொண்டு வா என்ற மாதிரி இது, ஆனால் ஏன் அப்படி ஆனது என்று விளங்குகிறது.

ஆகவே ஒரு சோதனை செய்தோம். நீல ரின்னைப் பொதுப் பெட்டி ஆக்கினோம். எங்கள் நாலு பெரிய கத்தரிக்கோலில் இரண்டு, ஒரு பொபின் கேஸ், ஊசி இரண்டு வகையிலும், எண்ணெய், தையல் பிரிக்கிறது. மூடியின் உள்பக்கத்தில் என்ன என்ன எத்தனை என்று எழுதி ஒட்டினோம். வகுப்பு முடிய பத்து நிமிசம் இருக்கும்போது எண்ணுவது, குறைந்தால் கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டாம் கிழமை யாரோ துணிக் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டி அலகை மொட்டையாக்கிவிட்டார்கள், தீட்ட நாங்கள்தான் கொடுத்தோம். எண்ணும்போது "எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறியளோ" என்று ஒருவர் கோபித்தார். பிறகு எண்ணும் வேலையை முறைவைத்து மாற்றினோம், அவருக்கும் முறை வந்தது, கோபம் போய்விட்டது. எட்டுக் கிழமையில் தொலைந்தது ஒரு பொபினும் சில குண்டூசிகளும்.

அந்த 22 ஐயும் இரண்டு நிரலாகப் பிரித்து எழுதினோம். ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டியது 9: சின்னக் கத்தரி, ரேப், சோக், குண்டூசி, கையூசி, நூல், பொபின் இரண்டு, கொப்பி, பென்சில். மிச்சம் 13 உம் வகுப்பினுடையது. மெசின் ஊசிக்கு நேரே "தலை உருண்டை, இலக்கம் 14" என்றும் எழுதினோம். பனர் அடிக்கக் காசு இருக்கிற நிறுவனத்திடம் இந்த 13 க்கும் காசு இருக்க வேண்டும் என்பது எங்கள் கேள்வி. அதையும் ஒரு கடிதமாக எழுதி, வகுப்பில் இருந்தவர்களில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம்.

ரீச்சர் கடிதத்தையும் தாளையும் இரண்டுதரம் வாசிச்சா. ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கைப்பைக்குள் வைச்சா. அடுத்த பட்ச் தையில் தொடங்குகிறது. அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். "கத்தரிக்கோல் கொண்டரத் தேவையில்லையோ?" என்று மட்டும் கேட்டா. "இல்லையக்கா, ரின்னுக்குள்ள இருக்கு" என்றோம். எந்தத் தாளைக் கொடுக்கப் போகிறார்கள் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது, ரின் எப்படியும் அங்கேதான் இருக்கும்.