ஆத்தங்கரை கேபின் வாடகை யார் கைக்குப் போகுது?



வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், இன்ஸ்டாவைத் திறந்தா ஒரே மாதிரி ரீல்தான். காட்டுக்குள்ள மர கேபின், பால்கனிக்குக் கீழே ஆறு, கையில காபி கப், பின்னாடி பனி. "ரெண்டு பேருக்கு ஒரு நைட் இவ்வளவுதான், டிஎம் பண்ணுங்க." நம்ம ஐடி விங் குரூப்லயே யாராவது ஒருத்தர் இதை ஃபார்வர்டு பண்ணி "எப்ப போலாம்?"னு கேக்குறாங்க.

போக ஆசைப்படறதுல தப்பே இல்லை. வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உக்காந்து முதுகு ஒடியற தலைமுறை இது. ரெண்டு நாள் தண்ணிச் சத்தம் கேட்டுத் தூங்கணும்னு நினைக்குது. ஆனா அந்த கேபின் யார் நிலத்துல நிக்குது, யார் அனுமதி கொடுத்தாங்க, அதோட கழிவுத் தண்ணி எங்க போகுது, அந்த வாடகை எந்த ஊருக்குப் போய்ச் சேருது? இந்த நாலு கேள்வியையும் நாம கேட்டே ஆகணும்.

இந்தக் கதை நம்ம மாநிலத்துல எங்கே முத்திப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். மசினகுடி.

நீலகிரி மலையோட வடக்குச் சரிவு ஒரு பக்கம். மோயாற்றுப் பள்ளத்தாக்கு இன்னொரு பக்கம். நடுவுல சீகூர் பீடபூமி. முதுமலையில இருந்து சத்தியமங்கலம் பக்கம் போற யானைக்கு ஏறமுடியாத மலைக்கும் இறங்கமுடியாத பள்ளத்துக்கும் இடையில இருக்கிற பாதை அது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் யானைகளுக்கு இணைச்சு வெச்சிருக்கிற வழி. அந்த வழியிலதான் ரிசார்ட் முளைச்சுது, காட்டேஜ் முளைச்சுது, அதைச் சுத்தி வேலி வந்துச்சு.

2010 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு அதை யானை வழித்தடமா அறிவிச்சது. 2011 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும்னு சொல்லி, கட்டடங்களைக் காலி பண்ணச் சொன்னது. உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2018 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 27 ரிசார்ட்டுகளுக்கு சீல். 2020 அக்டோபர் 14 அன்னிக்கு இறுதித் தீர்ப்பு: வழித்தடம் செல்லும், நிலம் வெச்சிருக்கிறவங்களோட ஆட்சேபணைகளைக் கேக்க ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில ஒரு குழு. அறிவிப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவுல பத்து வருஷம். அதுக்குள்ள கோட்டையில ஆட்சி மாறிச்சு, முதலமைச்சர்கள் மாறினாங்க. இந்தப் பத்து வருஷமும் யானைக்கு வழி விட்டது நீதிமன்றம்தான். தானா போய் ஒரு வேலியைப் பிடுங்கிப் போடுற தைரியம் கோட்டையில இருந்தவங்க யாருக்கும் வரலை.

தீர்ப்பு வந்து மூணு மாசம்கூட முழுசா ஓடலை. 2021 ஜனவரியில அதே மசினகுடி பக்கம் மாவனல்லாவுல, தங்கும் விடுதிக்குப் பக்கத்துல வந்த ஒரு ஆண் யானை மேல எரியற டயரைத் தூக்கிப் போட்டாங்க. காதுப் பக்கம் தீ பிடிச்சு ஓடுற அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு போற வழியிலேயே அது செத்துப் போச்சு. யானை பார்க்கணும்னு கூப்பிட்டுக் காசு வாங்குற தொழில்ல, யானையே வாசலுக்கு வந்ததும் நடந்தது இது.

சரி, யானையை விடுங்க. "எனக்கு யானை முக்கியமில்லை, மனுஷன்தான் முக்கியம்"னு சொல்ற ஆளுக்கும் இதுல ஒரு கணக்கு இருக்கு. இன்ஜினியரிங் படிச்சவங்க நம்ம பக்கத்துல நிறைய பேர் இருக்கீங்க, சரிபார்த்துக்கோங்க.

தங்கும் விடுதிக்கு ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் தண்ணின்னு தேசிய கட்டட விதித்தொகுப்பு கணக்கு வெச்சிருக்கு. பத்து கேபின், கேபினுக்கு ரெண்டு படுக்கைன்னா 3,600 லிட்டர். நீச்சல் குளம், தோட்டம், ஜீப் கழுவறது எல்லாம் தனி. ஒரு யானைக்கு நாளைக்கு 150 லிட்டர்னு வெச்சாலும் 24 யானை குடிக்கிற தண்ணி. கோடையில ஓடை வத்தும்போது இந்தத் தண்ணி எங்க இருந்து வருது? அதே ஓடை, இல்லைன்னா ஓடைக்குப் பக்கத்துல போட்ட போர்.

உள்ளே போன தண்ணியில பெரும்பங்கு கழிவா வெளியே வரணும் இல்லையா? "செப்டிக் டேங்க் கட்டியிருக்கோம்"னு சொல்வாங்க. செப்டிக் டேங்க் திடக்கழிவைக் கீழே படிய வைக்கும், அவ்வளவுதான். மேலே வழியற தண்ணியில கிருமி அப்படியே இருக்கும். அது உறிஞ்சுகுழிக்குப் போய், மண்ணு வழியா மெதுவா இறங்கி வடிகட்டப்படணும். அதுக்கு ஆழமான மண்ணும், நீர்நிலையில இருந்து போதுமான தூரமும் வேணும். ஆத்தங்கரையில மேலே மணல், கீழே பாறை, அடுத்து ஆறு. வடிகட்ட நேரம் ஏது? "ரிவர் வியூ"ன்னு எவ்வளவு கிட்டக்க கட்டுறாங்களோ, அவ்வளவு வாடகை ஏறும், அவ்வளவு கழிவும் நேரா ஆத்துக்குப் போகும். "இது கான்கிரீட் இல்ல சார், தற்காலிக மர கேபின்"னு ஒரு சாக்கு வேற. மரம் தற்காலிகமா இருக்கலாம், அதுக்குக் கீழே தோண்டின குழி தற்காலிகம் இல்லை.

சீகூர் ஆறு மோயாற்றுல சேருது. மோயாறு பவானிசாகர் அணையில சேருது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால், கோபி, ஈரோடு. இந்தப் பக்கம் பவானி ஆறு பில்லூர் அணைக்கு வருது. பில்லூர் தண்ணியைத்தான் கோயம்புத்தூர் குடிக்குது. சனிக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து கார் எடுத்துக்கிட்டு பவானிக் கரை கேபினுக்குப் போற தம்பி, திங்கக்கிழமை வீட்டுக் குழாயைத் திறந்து குடிக்கிறது எந்த ஆத்துத் தண்ணின்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும்.

இப்ப நிலத்துக்கு வருவோம். பெரும்பாலும் முதல்ல ஆத்தோரமா விவசாயப் பட்டா நிலம் வாங்குறது. ஊர்க்காரர் கடனுக்காகவோ கல்யாணத்துக்காகவோ வித்தது. அப்புறம் "பண்ணை வீடு". அப்புறம் அதுக்குப் பக்கத்துல ரெண்டு கேபின். அப்புறம் ஆன்லைன்ல "ஹோம்ஸ்டே". இதுல ஒரு முக்கியமான விஷயம்: பட்டா நிலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற கரை பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்கு. அது அரசு நிலம், அதாவது ஊருக்குப் பொதுவான இடம். வேலியை மட்டும் இருபது அடி முன்னாடி தள்ளிப் போட்டா, மாடு தண்ணி குடிக்க இறங்கின வழி "பிரைவேட் ரிவர் ஆக்சஸ்" ஆயிடும். தலைமுறை தலைமுறையா அங்கே துணி துவைச்ச அம்மாவை வாட்ச்மேன் விரட்டுவார். அந்த வாட்ச்மேனும் அதே ஊர்க்காரரா இருப்பார், அதுதான் கொடுமை.

ஹோம்ஸ்டேங்கிற சொல்லையும் விடக்கூடாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட திட்டப்படியே, உரிமையாளர் குடும்பத்தோட அந்த வீட்டுல குடியிருக்கணும், வாடகைக்கு விடுறது ஆறு அறைக்கு மேல போகக் கூடாது. பேரே அதானே, வீட்டுல தங்குறது! உரிமையாளர் பெங்களூருல, மேனேஜர் வாட்ஸ்அப்ல, கேபின் மட்டும் மசினகுடியிலன்னா அது ஹோம்ஸ்டே இல்லை, லாட்ஜ். லாட்ஜுன்னா லாட்ஜுக்கான உரிமம், வரி, தீயணைப்புச் சான்று, கழிவுநீர் ஏற்பாடு எல்லாம் கேளுங்க. 2025-26 மத்திய பட்ஜெட்ல ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கடன் கூரை ஒழுகுற வீட்டுல ஒரு அறை கூடுதலாக் கட்டுற இருளர் குடும்பத்துக்குப் போகுமா, ஏற்கெனவே பத்து கேபின் வெச்சிருக்கிறவருக்கு பதினோராவது கேபின் கட்டப் போகுமா?

நீலகிரிக்கு இ-பாஸ் வந்துச்சு. உயர் நீதிமன்றம் 2025 கோடையில வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு உச்சவரம்பே போட்டது. வண்டியை எண்ணியாச்சு. ஆத்தங்கரையில எத்தனை படுக்கை இருக்குன்னு யார் எண்ணுறது?

அப்ப காட்டுக்குள்ள ஆத்தோரமா யாருமே தங்கக் கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. அதுக்கு நம்மகிட்டயே ஒரு உதாரணம் இருக்கு, வெளிநாடு போக வேண்டாம்.

காரமடையில இருந்து உள்ளே போனா பில்லூர் அணை நீர்த்தேக்கத்தோரம் பரளிக்காடு. 2007ல வனத்துறை அங்கே இருளர் மக்களை வெச்சு சூழல் சுற்றுலா ஆரம்பிச்சுது. முன்பதிவு பண்ணிட்டுத்தான் போகணும். போனதும் சுக்குக் காபி. பரிசல் ஓட்டுறது அந்த ஊர் மக்கள். மதியச் சாப்பாடு சமைச்சுப் போடுறது அந்த ஊர்ப் பெண்கள், களி உருண்டை உட்பட. பக்கத்துலேயே பூச்சமரத்தூர்ல பவானிக் கரையில தங்குறதுக்கு வீடும் இருக்கு. அதாவது, ரீல்ல பார்க்கிற அதே "ஆத்தோர கேபின்". ஒரே வித்தியாசம், அங்கே கரை யாருக்கும் சொந்தமாகலை, விருந்தாளி காசுல அந்த ஊருக்கும் பங்கு இருக்கு.

பரளிக்காடும் குறையில்லாத ஏற்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். கடிவாளம் இன்னும் வனத்துறை கையிலதான். எத்தனை பேர் வரலாம், என்ன கட்டணம், வருமானத்துல எவ்வளவு எதுக்குச் செலவு என்பதை அந்த மக்களோட கிராம சபை முடிவு பண்ணணும். 2006 வன உரிமைச் சட்டத்தோட 5-வது பிரிவு காட்டையும், நீர்ப்பிடிப்புப் பகுதியையும், நீராதாரத்தையும் பாதுகாக்கிற அதிகாரத்தை கிராம சபைக்குக் கொடுத்திருக்கு. பாதுகாக்கிறது அவங்க பொறுப்புன்னா, அங்கே என்ன கட்டலாம்னு சொல்ற உரிமையும் அவங்களுக்குத்தானே?

இதை இப்ப அவசரமாப் பேசக் காரணம் டெல்லி. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023ல திருத்தினாங்க. நம்ம வாயில நுழையாத ஒரு இந்திப் பேரையும் வெச்சாங்க, அதைக்கூட விடுங்க. அந்தத் திருத்தத்துல, வன மேலாண்மைத் திட்டத்துல சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் "காடு அல்லாத பயன்பாடு" கணக்குல வராதுன்னு ஒரு விதிவிலக்கு. 2023 டிசம்பர் 1 முதல் அமல். அதாவது, அதுக்கு முன்னாடி மத்திய அனுமதி வாங்கித்தான் செய்யணும்னு இருந்த வேலைக்கு இப்ப ஒரு தனி வாசல் திறந்திருக்கு. அந்த வாசல் வழியா பரளிக்காடு மாதிரி நூறு ஊர் வரலாம். டெண்டர் எடுத்த கம்பெனியோட கேபினும் வரலாம். கிராம சபைக்கு என்ன பங்குன்னு அந்த விதிவிலக்குல ஒரு வார்த்தை கிடையாது.

ரிசார்ட் மூடினப்ப வேலை போனது முதலாளிக்கு இல்லை. ரூம் பாய், சமையல்காரர், ஜீப் ஓட்டுற அண்ணன், காய்கறி கொண்டு போய்ப் போட்ட அக்கா, இவங்களுக்குத்தான். தலைமுறையா அங்கேயே இருந்து, ரெண்டு ஏக்கர்ல விவசாயம் பண்ணி, ஒரே ஒரு அறையை வாடகைக்கு விட்ட சிறு பட்டாதாரரையும் முப்பது அறைக்காரரையும் ஒரே தராசுல நிறுத்தினது அநியாயம். சீல் வைக்கிற அதிகாரியோட கூடவே மாற்று வேலைக்கான ஆணையும் போகணும். அது போகாததாலதான் மசினகுடியில சுற்றுச்சூழல்னு சொன்னாலே பல பேருக்குக் கோவம் வருது. அந்தக் கோவம் நியாயமானது, அதைக் கிண்டல் பண்ணிப் பதிவு போடாதீங்க.

இப்ப நம்ம வேலை. மலை மாவட்டத் தோழர்கள் உங்க ஒன்றியத்துல ஆத்தோரமா இருக்கிற தங்கும் இடங்களைப் பட்டியல் எடுங்க. புல எண் கிடைச்சா அரசோட இ-சேவை தளத்துலேயே 'அ' பதிவேடும், புலப்பட வரைபடமும் பார்க்கலாம். எது பட்டா, எது புறம்போக்குன்னு அதுலேயே தெரியும். கட்டட அனுமதி இருக்கா, ஹோம்ஸ்டே பதிவு இருக்கா, மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி இருக்கான்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. படம் எடுக்கிறேன்னு வேலி தாண்டாதீங்க, அங்கே வேலை செய்யற ஆளுங்ககிட்ட வாக்குவாதமும் வேண்டாம். பதிவு எண் இல்லாத தங்கும் இடத்தை எந்த புக்கிங் ஆப்பும் காட்டக் கூடாதுன்னு மாநில அரசு விதி கொண்டு வரணும். ஆற்றுப் புறம்போக்குல இருக்கிற வேலியை அகற்றணும். காட்டோர கிராமங்கள்ல தங்கும் வீடு நடத்துற முதல் உரிமை அந்த ஊர் கிராம சபைக்கே வேணும். இந்த மூணையும் தீர்மானமா எழுதி அடுத்த கிராம சபைக் கூட்டத்துல வைங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறினதோட நகலை வாங்கி மாவட்டப் பொறுப்பாளர்கிட்ட கொடுத்துடுங்க.

#ஆத்தங்கரை_ஊருக்கே