இரண்டாவது அம்பு

பௌர்ணமி நெரிசல் இல்லாத ஓர் இரவில் நண்பர்கள் சிலர் திருவண்ணாமலையில் கிரிவலம் போனோம். எமலிங்கத்தைத் தாண்டியபோது, கோல்ஃப் ஆடும் நண்பர் தம் அவஸ்தையைச் சொன்னார். குழிக்கு மூன்றடி தூரத்தில் பந்து கிடக்கும்போது அவருக்குக் கை நடுங்குகிறதாம். அதைப் போக்கவே பௌத்த தியானம் பயிலத் தொடங்கியிருக்கிறாராம். உடன் வந்த இன்னொருவர், "புத்தர் அரண்மனையைத் துறந்தது நீர் பந்தைக் குழியில் தள்ளுவதற்காகவா?" என்று கேட்க, நிருதி லிங்கம் வரை சிரிப்பு அடங்கவில்லை.

அந்தக் கேலி முழுவதும் நியாயமானதென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரமாவது ஆகும். அதில் பந்தை அடிக்கும் கணங்களைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். மிச்சமெல்லாம் நடையும் காத்திருப்பும். பந்து அசையாமல் கிடக்கிறது, தடுப்பார் எவருமில்லை. ஆகவே மனமே எதிராளியாகிவிடுகிறது. சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை ஒன்று உண்டு. உடலில் தைப்பது முதல் அம்பு. அதை எண்ணிப் புலம்புகையில் மனத்தில் தைப்பது இரண்டாவது. பந்து மணற்பள்ளத்தில் விழுவது முதல் அம்பு. அந்த எரிச்சலை அடுத்த மூன்று குழிகளுக்கும் சுமந்து செல்வது இரண்டாவது. கிரிவலத்தை நிறைமாத அரசியைப் போல் மெல்ல நடக்க வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். இரண்டு அடிகளுக்கு இடையே நடக்கும் ஆட்டக்காரருக்கும் அது பொருந்தும்.

இந்திய வீரர் அனிர்பன் லாஹிரி விபாசனா பயில்பவர். 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார். தியானம் கோப்பையை வாங்கித் தரவில்லையே என்று கேட்கலாம். ஓர் அடியில் தோற்றவருக்குத்தானே அது மிகுதியும் தேவைப்படுகிறது?

எங்கள் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. டைகர் உட்ஸ், தாய்லாந்தைச் சேர்ந்த தம் அன்னையின் வழியே பௌத்தத்தில் வளர்ந்தவர். அவருடைய ஒருமுனைப்பைக் கண்டு உலகமே வியந்தது. ஆனால் 2009 இறுதியில் அவருடைய இல்வாழ்க்கை சிதைந்தது. 2010 பிப்ரவரியில் ஊரறிய மன்னிப்புக் கேட்டபோது, பௌத்தம் கற்பித்ததிலிருந்து விலகிப் போய்விட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். எண்வழிப் பாதையில் நற்கடைப்பிடியும் நல்லமைதியும் இறுதி இரண்டு படிகள். நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை ஆகியவை அவற்றுக்கு முன்னால் நிற்கின்றன. விபாசனாவின் பத்து நாள் பயிற்சியும் ஐந்து சீலங்களை ஏற்பதில்தான் தொடங்குகிறது. கடைசிப் படிகளை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனால், அது திறமையைக் கூட்டலாம்; மனிதரைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதியில்லை. விளையாட்டு அரங்குகளிலும் அலுவலகங்களிலும் இன்று தியானம் பெரும்பாலும் அப்படித்தான் விற்கப்படுகிறது.

எனவே நண்பர் தாராளமாகப் பந்துக்காகவே தியானத்தில் அமரட்டும். அண்ணாமலையார் கோயிலுக்கு நான்கு திசைகளிலும் கோபுரங்கள் இருக்கின்றன. எந்த வாயில் வழியாக நுழைந்தாலும் குற்றமில்லை. கோபுர நிழலில் சற்று இளைப்பாறிவிட்டுத் திரும்புவதைத் தரிசனம் என்று சொல்லாதிருந்தால் போதும்.