செக் என்ஜின் விளக்கும் அனாமத்துக் கணக்கும்

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் ஆக்ஸிஜன் சென்சார் சம்பந்தமாக ஒரு பிழை எண் வருகிறது. உடனே புது சென்சார் வாங்கி மாட்டியாகிறது. இரண்டு நாள் கழித்து அதே விளக்கு, அதே எண்! டர்போ கார்க்காரர்கள் வட்டாரத்தில் இந்தக் கதை சலிக்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. பல சமயம் தப்பு சென்சாரிடம் இல்லை, அது சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டவரிடம்தான்.

முதலில், இந்த சென்சாருக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆக்ஸிஜன் மட்டும். 1976-ல் பாஷ் நிறுவனம் செய்து வோல்வோ கார்களில் வந்த முதல் சென்சாரிலிருந்து அடிப்படை ஒன்றுதான். சிர்கோனியா பீங்கான், இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் என்ஜின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக மாறுகிறது. 0.9 வோல்ட் பக்கம் போனால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். 0.1 பக்கம் வந்தால் லீன், அதாவது காற்று அதிகம். (300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டர் போய்விட்டது என்று பிழை எண் வந்தால், வயரும் ஃப்யூஸும் சரியாக இருக்கும் பட்சத்தில், தாராளமாக சென்சாரை மாற்றலாம்.)

இதில்தான் வேடிக்கை. ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக எரிக்கவில்லை என்றால் ஆக்ஸிஜன் செலவாகாமல் அப்படியே வெளியே போகும். சென்சார் "லீன்" என்று சொல்லும். எரியாத பெட்ரோல் ஏற்கெனவே வீணாகப் போய்க்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கூத்துதான். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, இல்லாத லீன் இருப்பதாகத் தெரியும். புது சென்சாரும் இதையேதான் சொல்லும், பாவம்.

அமெரிக்காவில் 2002 மாடலாக வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2 லிட்டர் டர்போ என்ஜின், 227 குதிரைத்திறன், பழைய காராகவும் கிடைப்பது என்று இளவட்டங்களுக்கு மிகவும் பிடித்துப்போன கார். வாங்கியவர் முதலில் செய்வது காற்று போகும் குழாயைப் பெரிதாக்குவது. உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் அந்தக் குழாயின் விட்டத்துக்கு ஏற்பக் கணக்கு வைத்திருக்கிறது. விட்டம் கூடினால் வருகிற காற்றைக் குறைவாகக் காட்டும், பெட்ரோலும் குறையும். ஆக்ஸிஜன் சென்சார் லீன் என்று கத்தும். உரிமையாளர் மாற்றுவது எதை? ஆக்ஸிஜன் சென்சாரை!

கம்ப்யூட்டர் இந்த வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பது பி.காம். படிப்பவர்களுக்கு எளிதில் புரியும். இருப்பாய்வு பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுத் தற்காலிகமாகச் சரிக்கட்டுவது உண்டல்லவா? கார் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று இருக்கிறது, பெயர் ஃப்யூவல் ட்ரிம். ட்ரிம் +12 என்றால், அட்டவணைப்படி ஊற்ற வேண்டியதைவிட 12 சதவீதம் கூடுதலாக ஊற்றித்தான் கணக்கைச் சரிக்கட்டுகிறது என்று அர்த்தம். விளக்கு எரிவதற்கு வெகு முன்பே இந்த எண் ஏற ஆரம்பித்துவிடும். பார்க்கிறவர்தான் குறைவு.

இதில் ஆபத்து எங்கே? ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது இந்த சுபாரு கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் அதுவரை கற்றுவைத்த திருத்தத்தை மறப்பதில்லை, அந்த நேரத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறது. பழுதான சென்சார் ஒன்று பொய்யாக ரிச் காட்டி, திருத்தம் -10 என்று பதிந்திருந்தால்? டர்போ முழு அழுத்தம் தரும் நேரத்தில் 11-க்கு 1 இருக்க வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 12.2 ஆகிவிடும். வெப்பம் ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும். சென்சார் விலை எங்கே, என்ஜின் பிரிக்கும் செலவு எங்கே.

ஆகையால், பிழை எண் இருக்கும் காரை அப்படியே ட்யூன் செய்ய ஒப்புக்கொள்பவரை நம்பக் கூடாது. "முதலில் லாக் எடுத்து வாருங்கள், ட்ரிம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புபவர் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர் வாங்குகிறார். உண்மையில் காசைக் காப்பாற்றுபவர் அவர்தான்.

பார்ப்பதும் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஐடிலில் ட்ரிம் +15, 2500 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் எங்கோ வேக்குவம் லீக். ஐடிலில் சரியாக இருந்து, லோடு கூடக்கூட ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது காற்றளவு சென்சார். டர்போவில் ஒரு குசும்பு உண்டு. இன்டர்கூலர் குழாயில் ஒரே ஓட்டை ஐடிலில் லீனாகவும், பூஸ்ட்டில் ரிச்சாகவும் காட்டும். ஐடிலில் அது அளக்காத காற்றை உள்ளே இழுக்கும், பூஸ்ட்டில் அளந்த காற்றை வெளியே விடும். இரண்டு சென்சார் மாற்றினாலும் தீராத பிரச்சினை ஒரு கிளாம்ப்பை முறுக்கினால் தீர்ந்துவிடும் :-)

சென்சாரிலேயே சந்தேகம் என்றால் அதற்கும் சோதனை இருக்கிறது. காற்று போகும் வழியில் கொஞ்சம் புரொப்பேன் விட்டால் அது சட்டென்று ரிச் காட்ட வேண்டும். ஒரு வேக்குவம் குழாயைக் கழற்றினால் சட்டென்று லீன். இரண்டுக்கும் உடனே பதில் சொன்னால் சென்சார் உயிரோடு இருக்கிறது, வேறு இடத்தில் தேடலாம். சோம்பலாக நகர்ந்தால் மட்டும் மாற்றலாம். அப்போதும், எண்ணெயோ கூலன்ட்டோ கசிந்து அதைக் கெடுத்ததா என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் சாகும்.

கடைசியாகப் பின் சென்சார். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அது வேலை செய்கிறதா என்று தணிக்கை செய்யும் ஆசாமி. சத்தத்துக்காகவும் பவருக்காகவும் கன்வெர்ட்டரைக் கழற்றினால் பி 0420 வரும். இதற்கு ஒரு குறுக்குவழி, சென்சாரைப் புகையிலிருந்து தள்ளிவைக்க ஒரு ஸ்பேசர் மாட்டுவது. இல்லையேல் ட்யூனிலேயே அந்த எண்ணை அணைத்துவிடுவது. "பின் சென்சாரால் பவருக்கு ஒன்றும் இல்லை" என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் அமெரிக்காவில் சாலையில் ஓடும் காருக்கு இது சட்டவிரோதம், சுத்தக் காற்றுச் சட்டம் தடை செய்கிறது. அதைவிட மோசம், அந்தக் காரை அடுத்து வாங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. தணிக்கையாளரை வெளியே நிறுத்திவிட்டுத் தயாரித்த ஐந்தொகையை நம்பித்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

பழைய டர்போ கார் பார்க்கப் போகிறவர் ஸ்கேனரில் பிழை எண் இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டுவிடுவது சகஜம். ட்ரிம்மையும் பார்க்க வேண்டும். அதுவும், அரை மணி நேரமாவது ஓட்டிய பிறகு. காலையில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய காரில் அந்த எண் பூஜ்யமாகத்தான் இருக்கும்.