உறைபனிக் காலத்தில் கோல்ஃப் பயிற்சி: நிலத்திற்கும் உரிமை உண்டு



ஸ்காட்லாந்தில் நவம்பர் பிறந்தவுடன் கோல்ஃப் ஆடுவோரிடையே ஒரு முணுமுணுப்பும் பிறந்துவிடும். அதிகாலையில் ஆர்வத்தோடு சென்றால், "உறைபனி, திடல் மூடப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பே வரவேற்கும். ஆண்டுக் கட்டணம் செலுத்திய உறுப்பினரைத் தடுப்பது எவ்வகை நியாயம் என்று கேட்கின்றனர். தடுப்பதே நியாயம் என்பது நமது கருத்து.

புல்லிதழுக்குள் நீர் உறைந்திருக்கும்போது அதன்மீது காலடி பட்டால் உயிரணுக்கள் நொறுங்கிப் போகின்றன. அன்றைக்கு எதுவும் புலப்படாது. சில நாட்கள் சென்றபின், நடந்தவரின் ஒவ்வொரு அடியும் பழுப்புத் தழும்பாகத் தென்படும். மேல்மண் இளகி அடிமண் உறைந்தே கிடக்கும் வேளை இதனினும் கொடியது; அப்போது மிதித்தால் மேற்பரப்பு நகர்ந்து வேர்கள் அறுபடுகின்றன. கோடையில் இத்தகைய காயம் விரைவில் ஆறிவிடும். குளிர்காலத்திலோ புல்லின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால் வசந்தம் வரை அது ஆறாது. ஒருவர் இரண்டு மணி நேரம் பொறுத்திருக்க மறுப்பதால், ஏனைய அனைவரும் மூன்று மாதங்கள் கெட்ட தரையில் ஆட நேரிடுகிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் திடலில் இதற்கென ஒரு வழக்கம் உண்டு. குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயிலிருந்து ஆடுவோர் சிறிய செயற்கைப் புல்விரிப்பொன்றை உடன் எடுத்துச் சென்று, பந்தை அதன்மீது வைத்தே அடிக்க வேண்டும். வாழ்நாள் கனவோடு வந்திறங்குவோர் இதனைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் அந்நிலம் ஊராரின் பொது நிலம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை அதனைப் பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டமில்லை. ஊர்மக்கள் நாய்களோடு உலாவுவார்கள். நம் கையில் சில மணி நேரம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. ஒரு விரிப்பைச் சுமப்பது பெரிய சுமையன்று.

அவ்வாறாயின் மார்ச் வரை மட்டையைப் பரணில் போட்டுவிடுவதா? வேண்டியதில்லை. ஆசை யாரையும் அவ்வளவு எளிதில் விடுவதுமில்லை. அமெரிக்காவின் வெர்மான்டில் வாழ்ந்த நாட்களில் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், பனியில் தொலையாதிருக்கப் பந்துகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி ஆடினாராம்!

பயிற்சிக் கூடத்திற்குச் சென்று கூடை கூடையாகப் பந்துகளை அடித்துத் தீர்ப்பதே குளிர்காலப் பயிற்சி எனப் பலர் எண்ணுகின்றனர். இதில் நமக்கு உடன்பாடில்லை. அங்குள்ள தடித்த விரிப்பு பிழையை மறைத்துவிடுகிறது. பந்துக்குச் சற்றுப் பின்னால் மட்டை பட்டாலும் அது வழுக்கிச் சென்று பந்தை எழுப்பிவிடும். அதே வீச்சு ஈரப் புல்தரையில் மண்ணுக்குள் புதைந்து நின்றிருக்கும். போதாக்குறைக்கு, குளிர்ந்த காற்றின் அடர்த்தி மிகுதி. குளிர்ந்த பந்தின் துள்ளலோ குறைவு. பந்து வழக்கத்தைவிட முன்னதாகவே விழக் கண்டவர், கனத்த மேலங்கியோடு இன்னும் ஓங்கி அடிக்கிறார். கோடையெல்லாம் பழகிய தாளம் அங்கேயே கெடுகிறது. ஓங்கி அடிப்பதற்குப் பதிலாகச் சற்றுக் கூடுதல் தூரம் செல்லும் மட்டையை எடுத்தால் போதுமே.

வீட்டுக் கம்பளத்தில் இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு குவளையை வைத்து நாள்தோறும் கால் மணி நேரம் பந்தை உருட்டுவது மேலானது. 72 அடிகளை அளவாகக் கொண்ட திடலில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் இவ்வாறு உருட்டுவதற்கென்றே கணக்கிடப்பட்டவை, சரிபாதி! இதற்குக் கட்டணமுமில்லை, உறைபனியுமில்லை. மட்டையைப் பிடிக்கும் முறையில் மாற்றம் செய்ய விரும்புவோருக்கும் இதுவே தக்க பருவம். புதிய பிடி கைக்கு வசப்படும் வரை ஆட்டம் மோசமாகும். அதனைப் போட்டிகள் குவிந்த ஜூன் மாதத்தில் யார் தாங்குவர்?

டிசம்பரில் அந்நாட்டின் பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரமே. உறைபனி விலகிப் பதினொரு மணிக்குத் திடல் திறந்தால், ஒன்பது குழிகளை நிதானமாக ஆடி முடித்து இருட்டுமுன் வீடு திரும்பலாம்.